பலகையில் எந்த வார்த்தையை வைப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சு வராத ஒருவருக்கோ, வந்த பேச்சு நின்றுபோன ஒருவருக்கோ படப் பலகை, எழுத்துப் பலகை, பேசும் ஆப் என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்ததும் வீட்டில் கேள்விகள் கிளம்பும். சிறப்பாசிரியராக இருக்கிற எனக்கு வகுப்பு வாசலிலும் போனிலும் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். அட்டையோ புத்தகமோ ஆப்போ, எதுவானாலும் 'பலகை' என்றே சொல்கிறேன். அதில் ஒரு வார்த்தைக்குரிய இடம் 'கட்டம்'.

"படத்தைக் காட்டியே பழகிட்டா அப்புறம் வாயைத் திறந்து பேசவே மாட்டானாமே?"

அப்படி இல்லை. இந்தப் பயத்திலேயே பல வீடுகளில் வருடங்கள் போய்விடுகின்றன, அதனால்தான் இதை முதலில் வைத்தேன். இந்தச் சந்தேகத்தைத் தொட்ட ஆய்வுகளையெல்லாம் 2006இல் திரட்டிப் பார்த்தார்கள். உறுதியான சான்று இருந்த 27 பேரில் ஏறத்தாழ 89 சதவீதம் பேருக்குப் பேச்சு கொஞ்சமாவது கூடியிருந்தது. மற்றவர்களுக்கு மாற்றம் இல்லை. ஒருவருக்குக்கூடக் குறையவில்லை. வாயில் வருவதை வாயால் சொல்லட்டும், வராததைக் கையால் காட்டட்டும்.

"முதல்ல எந்தெந்த வார்த்தை வைக்கணும் மேடம்? வீட்டுல இருக்கிற சாமான் பேரெல்லாம் வைக்கட்டுமா?"

எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். படம் சுலபமாகக் கிடைக்கும் என்பதால் ஆப்பிள், பந்து, நாய், நாற்காலி என்று பலகை நிரம்பிவிடும். ஆனால் 'நாற்காலி' என்று ஒரு குழந்தை ஒரு நாளில் எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கும்? 'போதும்' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் போதும், குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றியது போதும், தெரபியில் காலை மடக்கியது போதும், ஊரிலிருந்து வந்த மாமா கன்னத்தைக் கிள்ளியது போதும். ஒரே கட்டம் காலையிலிருந்து ராத்திரி வரை வேலை செய்கிறது.

இந்த மாதிரி எங்கே போனாலும் உதவும் வார்த்தைகளை அடிப்படைச் சொற்கள் என்கிறோம். நாம் பேசுவதில் பெரும்பங்கு சில நூறு வார்த்தைகளிலேயே அடங்கிவிடுகிறது. ஆங்கிலம் பேசும் சின்னஞ்சிறு குழந்தைகளின் பேச்சைப் பதிவு செய்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக இருந்த வார்த்தைகளில் பொருள்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. தமிழில் நான் தொடங்குவது இப்படி: வேணும், வேண்டாம், இன்னும், போதும், வா, போ, குடு, இது, அது, என்ன, எங்க, யாரு, நான், நீ, எனக்கு, இருக்கு, இல்லை, பிடிக்கும், முடிஞ்சிருச்சு.

அதற்காகப் பெயர்களே வேண்டாம் என்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு உயிரான பெயர்கள் முதல் நாளே இருக்க வேண்டும். தங்கச்சி பெயர், வீட்டு நாயின் பெயர், அவன் பைத்தியமாகப் பார்க்கும் ரயில், ரசம் சாதம். பொது அகராதியில் இருக்கும் பெயர் வேறு, அவனுடைய பெயர் வேறு. பாட்டியை வீட்டில் 'அம்மாச்சி' என்று கூப்பிட்டால் கட்டத்திலும் அம்மாச்சிதான்.

"இங்கிலீஷ்ல ஒரு லிஸ்ட் கிடைச்சுது. அதையே தமிழ்ல மாத்தி வெச்சுக்கலாமா?"

யோசனைக்குப் பார்க்கலாம், அப்படியே மாற்றி வைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் தனி வார்த்தையாக நிற்கும் பல விஷயங்கள் தமிழில் வார்த்தையின் வாலாக ஒட்டிக்கொள்கின்றன. வீட்டுக்கு, வீட்டுல, வீட்டுலேருந்து. பலகையில் 'வீடு' மட்டும் இருந்தால் குழந்தை 'போ', 'வீடு' என்று காட்டுவான், நாம் புரிந்துகொள்வோம். தொடக்கத்தில் அது போதும். ஆனால் 'நான்' ஒரு கட்டமும் 'எனக்கு' ஒரு கட்டமும் தனித்தனியாகத் தேவை. பசிப்பது, வலிப்பது, பிடிப்பது, தெரிவது, வேண்டியது எல்லாமே தமிழில் 'எனக்கு' என்றுதான் தொடங்குகின்றன. ஆங்கிலப் பட்டியலை வைத்துச் செய்த பலகைகளில் பெரும்பாலும் விடுபட்டிருப்பது இந்த ஒன்றுதான். அதே மாதிரி 'நாம', 'நாங்க' இரண்டும் வேண்டும். உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறோமா, விட்டுவிட்டுப் போகிறோமா என்பது பிள்ளைகளுக்கு ரொம்பப் பெரிய விஷயம். 'வா'வோடு 'வாங்க'வும் வையுங்கள். தாத்தாவிடம் 'வா' என்று ஆப் சொன்னால் சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள், பிள்ளை அப்புறம் அந்தக் கட்டத்தையே தொடாது.

மறுப்பு வார்த்தைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வேண்டாம், இல்லை, மாட்டேன், முடியலை, தெரியலை, பிடிக்கலை, கூடாது. இத்தனையையும் ஒரே தலையாட்டலில் அடக்கிவிட்டால் நமக்கு வேலை மிச்சம், அவனுக்கு நஷ்டம். எழுந்து நில் என்கிறீர்கள், அவன் 'வேண்டாம்' என்று காட்டுகிறான். பிடிவாதம் என்று நினைத்துவிடுவோம். அவன் சொல்ல நினைத்தது 'முடியலை' ஆக இருக்கலாம். கணக்கு வாத்தியார் கேட்ட கேள்விக்கு 'இல்லை' என்று காட்டுகிற பிள்ளை 'தெரியலை' என்று சொல்லத் துடித்திருக்கலாம். எந்தப் பலகையை மதிப்பிடச் சொன்னாலும் நான் முதலில் தேடுவது 'முடியலை' கட்டத்தைத்தான்.

நல்ல பட்டியல் வேண்டுமானால் அதே வயதில் இருக்கும் அண்ணன் தம்பியோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். 'நான்தான் முதல்ல', 'எனக்குக் குடு', 'இரு இரு', 'அழுகுணி ஆட்டம்', 'அப்புறம்'. பிறகு அந்தத் தாளை உங்கள் பலகையோடு ஒப்பிடுங்கள்.

"பேச்சுத் தமிழ்ல வைக்கிறதா, எழுத்துத் தமிழ்லயா?"

பேசும் கட்டத்தில் பேச்சுத் தமிழ்தான். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று எந்த வீட்டிலும் எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. தஞ்சாவூரோ திருநெல்வேலியோ யாழ்ப்பாணமோ, உங்கள் வீட்டில் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே. பஸ், டிவி, ஹோம்வொர்க் இவற்றுக்கெல்லாம் தனித்தமிழ் தேட வேண்டாம். பள்ளிப் பாடத்துக்கு வேண்டிய எழுத்துத் தமிழை வேறு பக்கத்தில் வைக்கலாம். பள்ளியில் ஆங்கிலம் என்றால் அதற்கும் ஒரு தொகுதி. பேசுகிற பிள்ளைகள் இரண்டு மொழியைச் சமாளிப்பது போல இவர்களும் சமாளிப்பார்கள்.

ஆப்பின் கணினிக் குரல் பேச்சு வழக்கைச் சில நேரம் தப்பாக உச்சரிக்கும். பல ஆப்களில் கட்டத்தின் மேல் தெரியும் எழுத்தையும் குரல் படிக்கும் எழுத்தையும் தனித்தனியாகக் கொடுக்க வசதி உண்டு. காதுக்குச் சரியாக வரும்வரை எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். சொந்தமாகப் பதிவு செய்வதானால் பத்து வயதுப் பையனுக்கு அதே வயதுப் பையனின் குரல் வேண்டும், அம்மாவின் குரல் அல்ல.

"நிறைய வெச்சா குழம்பிடுவாளே? நாலு படத்தோட ஆரம்பிக்கலாம்னு நினைக்கிறேன்."

நான்கு படம் இருந்தால் நான்கு விஷயம்தான் சொல்ல முடியும். நான்கும் அலுத்துப்போனதும் 'இவளுக்குப் பலகையில் ஆர்வமே இல்லை' என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். பேசும் குழந்தைகூட முதல் வார்த்தை சொல்வதற்கு முன்னால் ஒரு வருடம் ஆயிரக்கணக்கான வார்த்தைகளைக் கேட்டுக் கிடக்கிறது. அவளால் இன்று சொல்ல முடிந்ததை விட அதிகமாகவே பலகையில் இருக்கட்டும். கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற அளவுதான் வரம்பு.

ஒன்றை மட்டும் கறாராகக் கடைப்பிடியுங்கள்: இடம் மாறக் கூடாது. 'போதும்' இன்று வலது கீழ் மூலையில் இருந்தால் அடுத்த வருடமும் அங்கேதான். கை இடத்தைப் பழகிக்கொள்கிறது, பிறகு படத்தைத் தேட வேண்டியிருக்காது. அதனால் முதலிலேயே பெரிய பலகையாகத் திட்டமிட்டு, இப்போது தேவையில்லாத கட்டங்களை மறைத்து வைத்து, ஒவ்வொன்றாகத் திறப்பது நல்லது. சிறியதில் தொடங்கி மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கலைத்து அடுக்கினால், அவள் பழகியதெல்லாம் போய்விடும்.

"படம், கலர் இதெல்லாம் எப்படி முடிவு பண்றது? காசு குடுத்து வாங்கணுமா?"

ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு நடத்தும் அராசாக் என்ற தளத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் இலவசம். வணிகத்துக்கு இல்லாதவரை யாரும் பயன்படுத்தலாம். சாப்பாட்டுப் படங்களில் நம் இலையும் தட்டும் இருக்காது, அவற்றுக்கு உங்கள் போனில் எடுத்த போட்டோவே மேல். 'இன்னும்', 'அது' போன்றவற்றுக்கு எந்தப் படமும் சரியாகப் பொருந்தாது. நாம் தொட்டுத் தொட்டுப் பேசித்தான் அதற்கு அர்த்தம் ஏறும். நிறம், ஆட்களுக்கு மஞ்சள், செயலுக்குப் பச்சை, பெயருக்கு ஆரஞ்சு, எப்படி என்பதற்கு நீலம் என்று வைப்பது வழக்கம். வேறு நிறம் வைத்தாலும் குற்றமில்லை, ஒரே மாதிரி வைத்தால் சரி.

சென்னையில் உருவான ஆவாஸ் ஆப்பில் தமிழும் இருக்கிறது. ஆப் இருந்தாலும் லேமினேட் செய்த அட்டை ஒன்று கட்டாயம் இருக்கட்டும். குளியலறையிலும் சார்ஜ் தீர்ந்த நேரத்திலும் பேச்சு நிற்கக் கூடாது.

"எப்பப் பார்த்தாலும் பிஸ்கட் வேணும், போன் வேணும்னு மட்டும்தான் அமுக்குறா. வேற எதுவுமே சொல்றதில்லை."

பலகையில் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கேட்டு வாங்கும் வார்த்தைகள்தான் இருக்கும். 1988இலேயே ஜானிஸ் லைட் என்ற ஆய்வாளர், மனிதர்கள் நான்கு காரியங்களுக்காகப் பேசுகிறார்கள் என்று எழுதினார்: தேவையைச் சொல்ல, தகவல் பரிமாற, நெருக்கம் வளர்க்க, மரியாதை முறைகளைச் செய்ய. நாம் முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு மற்ற மூன்றையும் அவள் செய்யவில்லை என்று வருத்தப்படுகிறோம்.

ஒரு பெண் வாசற்படியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அத்தை கோலம் போடுவதைப் பார்க்கிறாள். அவளுக்கு எதுவும் 'வேண்டாம்', 'வேணும்' இல்லை. ஆனால் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. 'அங்க', 'இங்க', 'இன்னும் பெருசா', 'தப்பு', 'அழகா இருக்கு', ஸ்கூட்டர் ஏறிப்போனால் 'அய்யய்யோ, போச்சு'. 'பாரு', 'ஏன்', 'அப்புறம் என்ன ஆச்சு', 'சும்மா சொன்னேன்', 'உனக்கு?', 'நானும்' போன்ற கட்டங்களைச் சேர்த்துவிட்டு, அந்த இடத்தில் அத்தையே மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு பலகையைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். பதில் எதிர்பார்க்க வேண்டாம். மற்றவர்கள் பலகையில் பேசுவதைப் பார்க்காத பிள்ளைக்கு அதில் பேசலாம் என்பதே தெரியாது.

"'வேண்டாம்'னு ஒரு கட்டம் வெச்சதுலேருந்து மருந்துக்கும் வேண்டாம், ஸ்கூலுக்கும் வேண்டாம். எடுத்துடலாமா?"

எடுக்காதீர்கள். அந்த வார்த்தைக்குச் சக்தி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது நல்ல செய்தி. முடிந்த இடங்களில் உடனே மதியுங்கள்: அந்தச் சட்டை வேண்டாமா, சரி, வேறு போடலாம். மருந்து மாதிரி விட முடியாத இடத்தில், 'வேண்டாம்னு சொன்னது கேட்டுச்சு. ஆனா இதைக் குடிச்சாகணும்' என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். கூடவே பேரம் பேசும் வார்த்தைகளையும் வையுங்கள்: 'கொஞ்ச நேரம் கழிச்சு', 'மெதுவா', 'நானே குடிக்கிறேன்'. மறுக்க மட்டும் தெரிந்த பிள்ளை சண்டை போடும், பேரம் பேசத் தெரிந்தால் வழி பிறக்கும்.

"அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு போயிடுச்சு. குழந்தைங்க படம் போட்ட சார்ட் ஒண்ணு குடுத்தாங்க. அதைத் தூக்கி எறிஞ்சுட்டார்."

அவர் எறிந்ததில் நியாயம் இருக்கிறது. முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரிடம் பல் துலக்கும் பொம்மைப் படத்தை நீட்டியிருக்கிறார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்குப் போவது வார்த்தை மட்டும்தான். உலக அறிவும் ரோஷமும் அப்படியே இருக்கும். அவருடைய பலகையில் பென்ஷன், பேங்க், பேப்பர், கிரிக்கெட், நிலத்து வழக்கு, பேரன் பேத்தி பெயர்கள், ஊர் வரைபடம், காலண்டர், குடும்பப் போட்டோக்கள் இருக்கட்டும். சட்டைப் பையில் ஓர் அட்டையும் வேண்டும்: 'எனக்குப் பேச்சு சரியாக வராது. நீங்கள் சொல்வது புரியும். அவசரப்படுத்தாதீர்கள்.'

பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு 'ஆமா', 'இல்லை' மாறி மாறி வரும். அதனால் முக்கியமான விஷயத்தில் வாய் வார்த்தையை மட்டும் நம்பாமல், இரண்டையும் எழுதிக் காட்டித் தொடச் சொல்லுங்கள்.

"எங்க வீட்டுக்காரருக்கு எழுத்து நல்லாத் தெரியும், கண்ணை மட்டும்தான் அசைக்க முடியும். 247 எழுத்தையும் எப்படிப் பலகையில வைக்கிறது?"

247உம் வேண்டாம். உயிர் 12, மெய் வரிசைக்கு 18, ஒரு புள்ளி போதும். ஆய்தம் ஓர் ஓரத்தில் இருக்கட்டும். ராஜா, ரமேஷ் மாதிரிப் பெயர்களுக்காக ஜ, ஷ, ஸ, ஹ சேர்த்துக்கொள்ளுங்கள். கண் அசைவு மட்டும் இருப்பவருக்கு நாம் வாயால் கேட்டுக்கொண்டே போக வேண்டும். நம் எழுத்துகள் ஏற்கெனவே இதற்கு வாகாகப் பிரிந்து கிடக்கின்றன: வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு, உயிரில் குறில் ஐந்து, நெடில் ஏழு.

அவர் 'மோர்' என்று சொல்ல நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'உயிரா? வல்லினமா? மெல்லினமா?' என்று கேட்கிறீர்கள், மெல்லினத்தில் கண்ணை மேலே தூக்குகிறார். 'ங, ஞ, ண, ந, ம' – மறுபடி தூக்குகிறார். 'புள்ளியா? குறிலா? நெடிலா?' நெடில். 'ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ' – மோ. அடுத்து இடையினம், 'ய, ர', புள்ளி. மோர். வெறும் ம, ர என்று அகரத்தோடு நின்றால் 'அப்படியேவா?' என்று கேட்டு உறுதி செய்யுங்கள். 'மோ' வந்ததும் 'மோரா?' என்று ஊகித்துக் கேட்கலாம், ஆனால் ஊகிப்பது அவருக்குப் பிடிக்கிறதா என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிலர் கடைசி எழுத்து வரை தாமே முடிக்க விரும்புவார்கள்.

எழுத்து மெதுவாகத்தான் போகும் என்பதால் அவசர வாக்கியங்களை முழுதாகவே தனி வரிசையில் எழுதி வையுங்கள்: 'மூச்சு முட்டுது', 'சளி எடுக்கணும்', 'திருப்பிப் படுக்க வைங்க', 'கொசு', 'ஃபேனைக் குறைங்க', 'நான் இன்னும் முடிக்கலை'. தொண்டையில் ட்யூப் போட்டு ஐசியூவில் இருப்பவருக்கும் இதே வரிசை உதவும்.

"அண்ணனுக்கு மோட்டார் நியூரான் நோய். இப்போ பேசுறார், ஆனா குரல் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். இப்பவே ஏதாவது பண்ணணுமா?"

இப்போதேதான். குரல் தெளிவாக இருக்கும்போதே அவர் அடிக்கடி சொல்வதையெல்லாம் அவர் குரலில் பதிவு செய்யுங்கள். 'தண்ணி குடு' எல்லாம் கணினிக் குரலில் வந்தாலும் பரவாயில்லை. கணினியால் தர முடியாதது அவர் பாணி. மகளைக் கூப்பிடும் செல்லப்பெயர், போனை எடுத்ததும் சொல்லும் முதல் வார்த்தை, 'சாப்ட்டியா?', ஆசீர்வாதம், திட்டு, சிரிப்பு. அவற்றை முதலில் பிடியுங்கள். எதைப் பதிவு செய்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். குடும்பம் நினைவூட்டலாம், அதோடு சரி.

"பதினாறு வயசுப் பையன், கெட்ட வார்த்தை வேணும்னு கேக்குறான். வைக்கலாமா?"

வைக்கலாம் என்பது என் முடிவு. கூடப் படிக்கும் பையன்கள் பேசும் வார்த்தை அவன் வாயிலும் இருக்க வேண்டும். முதலில் 'செம', 'மொக்கை', 'போடா', 'கடுப்பேத்தாத' வையுங்கள், பெரும்பாலும் அவன் கேட்பது அந்தத் தொனியைத்தான். அதற்கு மேல் கேட்டாலும், எந்த இடத்தில் சொல்லலாம், எங்கே கூடாது என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே இவனுக்கும் சொல்லிக் கொடுங்கள். அப்புறம் மீறினால் திட்டுங்கள், தண்டனை கொடுங்கள், ஆனால் பலகையைப் பிடுங்காதீர்கள். பேசுகிற பிள்ளை கெட்ட வார்த்தை சொன்னால் அவன் நாக்கை யாரும் கழற்றி வைப்பதில்லை.

"உடம்புல இருக்கிற அந்தரங்க உறுப்புப் பேரெல்லாம் சின்னப் பொண்ணோட பலகையில எதுக்கு? சங்கடமா இருக்கு."

சங்கடம் புரிகிறது. ஆனாலும் வையுங்கள். சொல்ல வார்த்தை இல்லாத பிள்ளை யாரிடமும் சொல்லாது என்ற தைரியத்தில்தான் சிலர் கை நீட்டுகிறார்கள். எல்லா உறுப்புகளின் பெயரும், 'தொட்டாங்க', 'அடிச்சாங்க', 'வலிக்குது', 'பயமா இருக்கு', 'ரகசியம்னு சொன்னாங்க', 'நிறுத்து' ஆகியவையும் வேண்டும். பூட்டிய பக்கத்தில் இல்லாமல் அவளே போய் எடுக்கிற இடத்தில் இருக்க வேண்டும். சாதாரண நாளில், குளிப்பாட்டும்போதும் உடம்பு சரியில்லாதபோதும் பயன்படுத்திக் காட்டினால்தான் தேவைப்படும் நாளில் கை அங்கே போகும்.

பலரும் மறப்பது ஆட்களின் பெயர்களை. பிடித்தவர்களின் போட்டோ மட்டும் வைத்தால் போதாது. வேன் ஓட்டுகிறவர், ஆயா, டியூஷன் சார், பக்கத்து வீட்டுக்காரர், உறவினர் என்று அவளோடு தனியாக இருக்க வாய்ப்புள்ள எல்லோரும் இருக்க வேண்டும். யாரையும் சந்தேகப்படுவதற்காக இல்லை, யாரைப் பற்றியும் அவளால் சொல்ல முடிய வேண்டும் என்பதற்காக. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, மாற்றுத்திறன் உள்ள குழந்தையின் வாக்குமூலத்தைப் பதியும்போது சிறப்பாசிரியரையோ அந்தக் குழந்தை பேசும் முறை அறிந்தவரையோ துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த நாளில் பலகையில் வார்த்தை இருக்க வேண்டும் அல்லவா?

"எவ்வளவு வெச்சாலும் அவன் சொல்ல வர்றது அதுல இருக்க மாட்டேங்குது. என்னதான் பண்றது?"

எந்தப் பலகையும் முழுமை அடையாது. அதனால் 'நான் சொல்ல வர்றது இதுல இல்லை' என்றே ஒரு கட்டம் வையுங்கள். அது இல்லாமல் அவன் பலகையைத் தள்ளிவிட்டு அழுதால் அடம் என்று நினைப்போம், அது இருந்தால் தேடத் தொடங்குவோம். ஆளா, இடமா, சாமானா, நடந்ததா, நடக்கப் போவதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நெருங்குங்கள். 'கிட்டத்தட்ட அது மாதிரி', 'அதுக்கு எதிர்', 'நாளைக்குச் சொல்றேன்' என்ற மூன்று கட்டங்கள் பக்கத்தில் இருந்தால் தேடுவது சுலபமாகும்.

கண்டுபிடித்ததும் அன்றைக்கே அந்த வார்த்தையைச் சேர்த்துவிடுங்கள். மற்ற கட்டங்களை நகர்த்தாமல், முன்பு சொன்ன மறைத்து வைத்த கட்டங்களில் ஒன்றைத் திறந்து, எந்தப் படம் என்று அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பள்ளி அட்டையிலும் அதே இடத்தில் அது வரட்டும். டீச்சருக்கு அன்றே ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள்.